பச்சை முகத்தில் ஒரு சந்தனப் பொட்டு

ராசா,

இது உன் கையில் கிடைக்கும்போது சோபியா நகரத்தில் குளிர் தொடங்கியிருக்கும். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நானும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆகவே இரண்டு பேருக்கும் அவசரமில்லை. ஒரு நாளைக்கு ஒரு பந்தி வாசித்தாலும் காணும். இந்தக் கடிதத்தை நமது ஊர்ச்சங்க மலருக்கும் கொடுக்கிறேன். மலருக்குக் கட்டுரை சேர்க்க வந்த பொடியன் கேட்டான், “என்ன அன்ரி, மகனுக்கு எழுதின கடிதத்தை ஊருக்கெல்லாம் காட்டப் போறியளோ?” என்று. “ஓம். அப்பாவின்ரை படத்தைப் பற்றி ஊர்தானே கதைச்சது. ஊரே வாசிக்கட்டும்” என்றேன். அவன் சிரித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். நான் சிரிக்கவில்லை. வெற்றியை மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நான், ஏனென்றால் அது எனக்கு அடிக்கடி வந்ததில்லை. வந்த ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலில் அந்தக் கோட்டுப் படத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவின் இதயம் ஒரு காலையில் தோட்டத்தில் வைத்து நின்றுபோனது. செத்தவீட்டுக்கு வைக்க ஒரு நல்ல படம் தேடினோம், கிடைக்கவில்லை. யாராவது கமராவைத் தூக்கினால் அந்த மனுசன் கத்தரிக்கன்றுக்குத் தண்ணி விடவேண்டும் என்று எழும்பிப் போய்விடுவார். கடைசியில் லைசென்ஸ் அட்டையில் இருந்த படம்தான் அகப்பட்டது. அப்பாவின் அக்கா, உன் பவளம் மாமி, அதை எங்கள் பக்கத்து டண்டினொங்கில் ஒரு படக்கடையில் கொடுத்துப் பெருப்பித்துக் கொண்டுவந்தார். படத்தில் தலை அப்பாவுடையது. உடம்பு வேறு யாருடையதோ. கறுப்புக் கோட், வெள்ளைச் சேட், நீலக் கழுத்துப்பட்டி. முகத்தையும் வெளுக்கப் பண்ணி, கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கத்தையெல்லாம் துடைத்திருந்தார்கள். கலியாணத்துக்கே வேட்டியோடு வந்த மனுசன் அவர். நீ அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, “அம்மா, ஹூ இஸ் திஸ்?” என்றாய். நான் உன் கையைப் பிடித்து நெரித்து, “பேசாமல் நில்” என்றேன். சனம் நிறைய நின்றது.

அது மாமியின் பிழை என்று நான் சொல்லவில்லை. நம்முடைய ஆட்களுக்கு அது ஒரு பழக்கம். லொறி ஓட்டியவரோ, ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தவரோ, செத்த பிறகு எல்லாருக்கும் கோட் போட்டுவிடுவோம். எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற நோபல் பார்க்கில் யாருடைய வீட்டுக்குப் போனாலும் கோலில், அந்த முன்கூடத்துச் சுவரில், மாலையோடு ஒருவர் அந்தக் கோட்டில் இருப்பார். ஒரு நாள் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். அதே கோட், அதே நீலக் கழுத்துப்பட்டி, அதில் கழுத்தடியில் அதே மடிப்பு. தலை மட்டும் வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். என் மனுசனை இன்னொரு மனுசனோடு மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியாது போலிருந்தது. அந்தப் படம்தான் செத்தவரின் நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் வந்தது. வருசம் முழுக்க அதற்கு நான் விளக்கு வைத்தேன். வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். கும்பிடுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். கண்ணை மூடினால்தான் அவருடைய முகம் எனக்குத் தெரிந்தது.

அந்த முகம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா பஸ் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பெயின்ற் அடித்தவர். அதுவும் வெளியே தெரிகிற நிறம் இல்லை. அதற்கு முதல், வெறும் தகரத்தின் மேல் அடிக்கிற முதற்பூச்சு, பிரைமர். அது ஒரு மாதிரியான பச்சை. குளத்தில் பாசி பிடித்த கல்லின் நிறம். முகத்துக்கு மூடி போட்டுத்தான் அடிப்பார், ஆனாலும் மூடிக்கு வெளியே, காதுக்குப் பின்னால், புருவத்தில், கழுத்து மடிப்பில், நகக்கண்ணில் அந்தப் பச்சை ஏறியிருக்கும். பின்கதவால் வந்து படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றுவார். நான் குசினிக்குள் இருந்து கத்துவேன், “இஞ்சாருங்கோ, கழுவிப்போட்டு வாங்கோ!” என்று. அவர், “கழுவினதுதானப்பா. பஸ்சிலை இத்தனை வருசம் நிக்கிற சாமான், என்னிலை நிக்காதோ?” என்பார். அந்தப் பச்சையோடுதான் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நீ கணக்குப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஓவியம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில், வீட்டில் குண்டு விழுந்தது போல நான்தான் இருந்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “அப்ப பெயின்ற் அடிக்கிறது எங்கட பரம்பரைத் தொழிலாய்ப் போச்சு” என்றார். நீ சிரித்தாய். எனக்கு இரண்டு பேரையும் அகப்பையால் அடிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு ஒரு நாள் நீ தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் விரித்தாய். ஒரு பல்கேரியா நாட்டு ஓவியர், எப்போதோ செத்துப்போனவர். முழுப்பெயர் என் வாயில் நுழையாது, ஸ்தோயன் என்பது மட்டும் வரும். நீ அந்தப் புத்தகத்தை நித்திரையிலும் கட்டிக்கொண்டு படுக்கிற ஆளாக இருந்தாய். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பொம்பிளையின் படத்தைக் கனநேரம் பார்த்தார். பச்சை முகம், சுற்றிவரக் கறுப்புக் கோடு. பார்த்துவிட்டுச் சொன்னார், “தம்பி, இவர் பிரைமர் அடிச்சுப்போட்டு மேற்பூச்சு அடிக்க மறந்து போனார் போலை.” நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “அப்பா, யூ ஆர் ரைட்! உண்மையா அதேதான்!” என்று கத்தினாய். நான் குசினியில் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது விளங்கவுமில்லை, விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவுமில்லை.

அப்பா போன பிறகு நீ பெயின்ற்றையும் பலகையையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாய். சாப்பாட்டுக் கோப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போவேன், வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு வருவேன். இதில் உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும், கேள்: துக்கம் வந்தால் கதவைச் சாத்து, ஆனால் உள்பக்கம் பூட்டாதே. அந்த மாதங்களில் நான் உள்ளே ஒருத்தி, நீ கராஜில் ஒருத்தன், நடுவில் மாலை போட்ட கோட் ஒன்று. ஒரே மனுசனுக்காகத்தான் அழுதோம், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து அழவில்லை.

அப்பா போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நீ வந்து, “அம்மா, கம்” என்று கூப்பிட்டாய். கராஜ் கதவைத் தூக்கினாய். காலை வெயில் நேரே நீ கீறி வைத்திருந்த பலகையில் விழுந்தது. அப்பா பின்படியில் இருக்கிறார். முகமூடி கழற்றிக் கழுத்தில் தொங்குகிறது. கை இரண்டும் முழங்காலில், பெரிய கை, மண்வெட்டி போல. கண் இரண்டும் அகலமாக, நேராக என்னைப் பார்க்கிறது. பின்னால் வீடும் இல்லை, மதிலும் இல்லை. வேலைக்குப் போட்டுப் போகிற மேற்சட்டையின் எரிகிற மஞ்சள் மட்டும், மேலிருந்து கீழே வரை. முகம் பச்சை. “என்ன ராசா இது? அப்பாவைப் பிரேதம் மாதிரிக் கீறி வைச்சிருக்கிறாய்?” என்றுவிட்டேன். “ஜஸ்ட் லுக், அம்மா” என்றாய், அவ்வளவுதான். நான் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் வேலையிடத்தில் ராட்காவிடம் அழுதேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கிறவள் அவள், பல்கேரியாக்காரி. அவளுக்கும் எனக்கும் ஆளுக்குப் பாதி இங்கிலீஸ், இரண்டையும் சேர்த்தால் ஒரு கதை வரும். விரிப்பின் ஒரு நுனி அவள் கையில், மற்ற நுனி என் கையில். “மகன் அப்பாவின் முகத்துக்குப் பச்சை அடித்திருக்கிறான், உங்கள் நாட்டு ஓவியர் ஒருவரைப் பார்த்துக் கெட்டுப்போனான்” என்றேன். “ஸ்தோயன், பச்சை முகம் வரைகிறவர்” என்று எனக்கு வந்ததைச் சொன்னதும் ராட்கா விரிப்பை விட்டுவிட்டாள். “எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் அவருடைய படம் இருந்தது! புகையிலை கோர்க்கிற பொம்பிளைகள்!” என்றாள். பிறகு சொன்னாள். அவர்களுடைய கோவிலில் புனிதர்களின் முகத்தை வரைகிறவர்கள் முதலில் முகம் முழுக்கப் பச்சைதான் பூசுவார்களாம். சேறு போல இருக்குமாம். அதன் மேல் மண்ணிறம், அதன் மேல் மஞ்சள், அதன் மேல் இன்னும் வெளிச்சம், கடைசியில் நெற்றியிலும் மூக்கிலும் கண்ணுக்குக் கீழும் ஒரு சொட்டு வெள்ளை. அவளுடைய ஊரில் கோவில் திருத்தினபோது சின்னப் பிள்ளையாக நின்று பார்த்தவள். “பச்சை சாவு இல்லை. பச்சைதான் தொடக்கம். அதன் மேல் வெளிச்சம் ஏறும்” என்றாள். நான் நின்றுவிட்டேன். மேற்பார்வைக்காரி தூரத்திலிருந்து கைதட்டினாள். இரண்டு பேரும் விரிப்பைக் குனிந்து எடுத்தோம்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அவர்களும் ஆள் செத்தால் படம் போட்டு அச்சடித்து வாசலிலும் மரத்திலும் ஒட்டுவார்களாம், வருசத்துக்கு வருசம் திரும்ப ஒட்டுவார்களாம். கோதுமை அவித்துச் சீனி போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். “அந்த அச்சடித்த படங்களில் கோட் போடுவீர்களோ?” என்று கேட்டேன். ராட்கா யோசித்துவிட்டு, “என் மாமாவுக்குப் போட்டோம். அவர் ஆடு மேய்த்தவர்” என்றாள். இரண்டு பேரும் அழுத கண்ணோடு சிரித்த சிரிப்பில் மேற்பார்வைக்காரி மறுபடி கைதட்டினாள்.

அன்று வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல், “அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா” என்றேன். ஞாபகம் இருக்கிறதா? நீ என் முகத்தைப் பார்த்து, கிழிக்கப் போகிறேனோ என்று பயந்தாய். குசினி மேசையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நீ ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாய். அந்த ஸ்தோயனுடைய தகப்பன் கோவிற்படம் வரைகிறவர் என்றாய். அதனால் முதலில் வரைந்ததெல்லாம் நேராகப் பார்க்கிற பெரிய கண், நிழலே இல்லாத முகம், பின்னால் பொன். பிறகு ஜெர்மனிக்குப் படிக்கப் போனார். அங்கே போனதும் எல்லாம் உடைகிறது. வானம் சிவப்பு, குதிரை நீலம், கறுப்புக் கோடு கரிக்கட்டி போலத் தடிப்பு. ஒரு பொம்பிளைக்கு மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். “இந்த மனிசிக்கு யார் அறைஞ்சது?” என்றேன். “ஜெர்மனிதான், அம்மா” என்றாய். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, அவருடைய ஆட்கள் கம்பளியில் நெய்கிற பாயைப் பார்க்கிறார். அந்தப் பாயில் இருந்த முக்கோணமும் கட்டமும் அவருடைய மலைகளுக்கும் வயல்களுக்கும் வந்துவிடுகிறது. புகையிலைப் பொம்பிளைகள் அந்தக் காலத்துப் படம். ஒவ்வொருத்தியும் மலை போல இருக்கிறாள். அதைப் பார்த்தபோது வெங்காயத்தைக் கீழே வைத்தேன். ஊரில் எங்கள் ஆட்களும் புகையிலைக்குள் நின்றவர்கள்தான். அந்தக் கை எனக்குத் தெரிந்த கை.

பிறகு ஆட்சி மாறுகிறது. சிரிக்கிற தொழிலாளியை வரை என்று மேலிடம் சொல்கிறது. அவர் சிரிக்கிற ஆளை வரையமாட்டேன் என்று சொல்லவுமில்லை, வரையவுமில்லை. கனகாலம் தக்காளிப்பழமும் சீமை மாதுளையும் வெறும் கதிரையும் வரைந்துகொண்டு வீட்டுக்குள் இருந்தார். தக்காளியைப் பார்த்து யாரும் கோபிக்க முடியாது என்று நீ சொன்னாய். எனக்கு அந்தத் தக்காளிகள்தான் நல்லாய்ப் பிடித்தது. ஒவ்வொன்றும் பேசாமல் வீம்பாக இருந்தது. கடைசிப் பக்கங்களில் அவர் கிழவன். பெண்சாதி செத்துப்போகிறாள். அவளை வரைகிறார். பொன் திரும்பி வருகிறது, பெரிய கண் திரும்பி வருகிறது, கறுப்புக் கோடும் பாயின் கட்டமும் எல்லாம் ஒரே படத்தில் வந்து இருக்கிறது. முகத்தில் அந்தப் பச்சையை மூடாமல் விட்டுவிட்டார். அப்பா பார்த்துப் பகிடி பண்ணிய பொம்பிளை அவள்தான். “ஏன் மூடவில்லை?” என்று கேட்டேன். “மூடினா அவ முடிஞ்சு போயிடுவா, அம்மா” என்றாய், உன் பாதித் தமிழில்.

நான் எழும்பிப் பின்கதவால் கராஜுக்குப் போனேன். நீ வரவில்லை, தனியே போகவிட்டாய், அதற்கு நன்றி. அப்பா படியில் இருந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. காதடியில் பச்சை, புருவத்தில் பச்சை, மூடி அழுத்திய இடத்தில் மட்டும் கொஞ்சம் மண்ணிறம். எத்தனை வருசம் அந்த முகத்தைப் பார்த்துக் கழுவிப்போட்டு வாங்கோ என்று கத்தியிருக்கிறேன். அது அவர் வேலையால் வந்து படியில் இருக்கிற நேரம். சப்பாத்து இன்னும் கழற்றவில்லை. வாயைத் திறந்தால் பசிக்குது என்று சொல்லும் முகம். ஒரு வருசமாகக் கண்ணை மூடித் தேடிய ஆளை அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

அந்த இடத்தில் வைத்தே தீர்மானித்தேன், திவசத்துக்கு இந்தப் படம்தான் என்று. நீ அப்படிக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நான் மாமிக்குப் பயந்திருப்பேன். நானாகத் தீர்மானித்தபடியால் பயம் வரவில்லை.

திவசத்தன்று கேரம் டவுன்ஸ் கோவிலில் இருந்து ஐயர் வந்து, கும்பம் வைத்து, எல்லாம் ஆயத்தம். நீயும் நானும் படத்தைத் தூக்கிக் கோலில் வைத்தோம். கோட்டுப் படத்தைக் கழற்றி அறைக்குள் வைத்தேன். சனம் வந்து பார்த்துவிட்டுக் குசுகுசுத்தது. பவளம் மாமி உள்ளே வந்தார். கையில் ரோசாப்பூ மாலை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை இது? எங்கை தம்பியின்ரை படம்?”

“அதுதான் மச்சாள்.”

“விசரே உனக்கு? பச்சைக் காமாலை வந்த மாதிரி இருக்கிறான். வேலை உடுப்போடை! ஐயர் வந்து நிக்கிறார், சனம் வந்து நிக்குது. ஒரு மனுசனை மரியாதையா வைக்கிறேல்லையே?”

“அவன் சின்னப்பொடியன், ஏதோ கீறினவன். நீயெல்லோ சொல்ல வேணும்” என்று பின்னால் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். யாரென்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கும்போது அவருக்கும் தெரியும்.

ஐயர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, நேரம் போகுது. மாலை எந்தப் படத்துக்கு?” என்றார். மாமி, “இந்தப் படத்துக்கு முன்னாலை படைச்சால் நான் இந்த வீட்டிலை பச்சைத் தண்ணியும் குடியன்” என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். அக்காக்காரி சாப்பிடாமல் போன திவசம் என்றால் அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். நீ முன்னுக்கு வந்து, “இட்ஸ் ஓகே, அம்மா, எடுத்துவிடுவம்” என்று பலகையில் கை வைத்தாய். ராசா, அந்த நேரத்தில் உன் முகம் இருந்த மாதிரியை நான் மறக்கமாட்டேன். “கையை எடு” என்றேன் உனக்கு. பிறகு மாமியிடம் திரும்பினேன். நான் கூட்டத்தில் கதைத்துப் பழகாதவள். ஆனாலும் அன்றைக்கு வந்தது.

“மச்சாள், உங்கட தம்பி கோட் போட்டு நீங்கள் எப்பவாவது கண்டனீங்களோ? நான் காணேல்லை. இந்த வீட்டுக் கடன் கட்டினது கோட் போட்ட ஆள் இல்லை. உங்கட மூத்தவளின்ரை கலியாணத்துக்குப் பந்தல் போட வந்தவர் எப்பிடி வந்தவர்? வேலையாலை நேரே வந்தவர். காதுக்குப் பின்னாலை பச்சையோடை வந்தவர். நீங்கள்தான் ‘இஞ்சை வா’ எண்டு கூப்பிட்டு உங்கட சீலைத் தலைப்பாலை துடைச்சு விட்டனீங்கள். போகேல்லை எண்டு சிரிச்சனீங்கள். கிட்டப் போய்ப் பாருங்கோ. அது இன்னும் போகேல்லை.”

மாமி கிட்டப் போனார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். காதடியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். “என்ரை தம்பி” என்றார், முதலில் மெதுவாக. பிறகு, “என்ரை தம்பியடி!” என்று ஒரு குரல் எடுத்தார், செத்தவீட்டில் எடுக்காத குரல் அது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தட்டில் குழைத்து வைத்திருந்த சந்தனத்தைப் பெருவிரலால் அள்ளி, செத்தவர்களின் படத்துக்கு நாங்கள் வைக்கிற மாதிரி, அப்பாவின் நெற்றியில் ஒரே அமத்தாக அமத்தினார்.

கண்ணாடி போட்ட படத்தில் வைத்த பழக்கம். பலகையில் எண்ணெய் வர்ணம் இன்னும் காயவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீ “மாமி!” என்று கத்தினாய். விரல் பச்சைக்குள் போய் அமிழ்ந்து, சந்தனத்தை அங்கேயே விட்டுவிட்டு, பச்சையாக வெளியே வந்தது. மாமி தன் விரலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். “ஐயோ அப்பன், பழுதாக்கிப் போட்டனே?” என்றார். ஐயர் மணியைக் கீழே வைத்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

நீ கிட்டப் போனாய். கனநேரம் பார்த்தாய். நீ கோபிக்கிற நேரத்தில் உன் காது சிவக்கும். நான் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. “அம்மா,” என்றாய், “லாஸ்ட் லைட்.” பிறகு தமிழில், “கடைசி வெளிச்சம். எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல்தான் நான் இன்னும் முடிக்கேல்லை. மாமி வைச்சிட்டா” என்றாய். ராட்கா சொன்ன அந்த ஒரு சொட்டு. பச்சை நெற்றியில் சந்தனம் விளக்கு மாதிரி நின்றது, அதில் மாமியின் விரல் ரேகையோடு. மாலையைப் படத்தில் போடாமல் கீழே வட்டமாக வைத்தோம். மாமி அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். பச்சை விரலைக் கழுவவேயில்லை.

மிச்சம் ஊருக்கே தெரியும். ஆனாலும் எழுதுவேன், எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. சந்தனத்தின் மேல் வார்னிஷ் பூசி, படத்தைச் சிட்னியில் ஒரு பெரிய போட்டிக்கு அனுப்பினாய். எங்கெங்கேயோ இருந்து வந்த படங்களுக்குள் அப்பாவைத் தெரிந்தெடுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம். மாமி காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தார். உயர்ந்த வெள்ளைச் சுவர், அதன் நடுவில் பின்படியில் இருந்த மாதிரியே அப்பா, சப்பாத்துக் கழற்றாமல். கோட் போட்ட ஆட்கள் எல்லாம் அவருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்தில் சின்ன அட்டை. நீ எங்களுக்கு வாசித்துச் சொன்னாய்: பலகையில் எண்ணெய் வர்ணம், சந்தனம். மாமி, “திரும்ப வாசி அப்பன்” என்றார். திரும்ப வாசித்தாய். அவ்வளவுதான், அதற்குப் பிறகு படத்துக்கு முன்னால் வந்து நின்ற வெள்ளைக்காரர் ஒருத்தரையும் மாமி விடவில்லை. நெற்றியைக் காட்டி, பிறகு தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டி, “மீ! மை பிரதர்!” என்றார். ஒரு மனுசி அந்தப் பெருவிரலை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். கைப்பைக்குள் இருந்து சந்தனம் வைத்திருந்த சின்னப் பேணியை மாமி மெல்ல எடுக்கப் பார்த்ததையும், காவல்காரர் ஓடி வந்ததையும் நான் எழுதவில்லை. அது மாமியின் மரியாதைக்கு.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பல்கேரியாவிலிருந்து, சோபியாவில் வந்து இருந்து வரையச் சொல்லி, உன்னை ஒரு வருசத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் அந்த ஸ்தோயனின் பச்சை முகங்களுக்கு முன்னால் நில். புத்தகத்தில் பார்த்ததை நேரே பார். அவர் தகப்பனிடம் எடுத்தது, ஜெர்மனியிடம் எடுத்தது, பாயிடம் எடுத்தது எல்லாவற்றையும் பார். அதில் உனக்கு வேண்டியதை எடு. யாராவது உன் படத்தை ஏசினால் உடனே விளக்கம் சொல்லாதே. கிட்டப் போய்ப் பாருங்கோ என்று மட்டும் சொல். வேளைக்குச் சாப்பிடு. ராட்காவின் தங்கை அங்கே இருக்கிறாள், அவளிடம் போனால் அவித்த கோதுமை தருவாள். அப்பாவுக்காக ஒரு கரண்டி சாப்பிடு. கோட்டுப் படத்தைப் பற்றிக் கவலைப்படாதே. அதை மாமியே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அலுமாரிக்குள் வைத்திருக்கிறாராம், “தம்பி வெளியிலை போறதெண்டால் போடட்டும்” என்று.

விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது உன் கையைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் பச்சை. கழுவிப்போட்டு வா என்று வாய் வரைக்கும் வந்தது, அத்தனை வருசப் பழக்கம். சொல்லவில்லை. அந்தக் கையை எடுத்து ஒரு தரம் என் கன்னத்தில் வைத்துவிட்டு, அப்படியே விட்டேன்.

அப்படியே போய்விட்டு வா, ராசா.

அம்மா